கோடு இழுக்காத இடம்

ஆவடித் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பால்ராஜ் பத்தொன்பது வருடமாக டிரேசர். இஞ்சினியர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை டிரேசிங் பேப்பரில் மையால் சுத்தமாகப் படியெடுப்பது அவன் வேலை. அந்தப் பிரிவில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு: கோடு நடுவில் அறுந்துபோகக் கூடாது. அறுந்த இடத்தில், லேத்தில் நிற்பவன் தன் இஷ்டத்துக்கு இரும்பைச் சீவிவிடுவான். பால்ராஜ் இழுத்த கோடு ஒருநாளும் அறுந்ததில்லை. அதில் அவனுக்குத் தலைக்கனம் கிடையாது என்று சொல்வதற்கில்லை.

இப்படிக் கோடுகளோடு காலம் தள்ளியவனுக்கு முப்பத்தாறு வயதில், புள்ளிகளோடு காலம் தள்ளுகிற பெண் வாய்த்தாள். அருள்செல்வியின் அப்பா அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று, காபி டம்ளரை நீட்டும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "வானத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். கல்யாணத்துக்கு அப்புறமும் பண்ணுவேன்."

"அதுக்கு இன்னா? பண்ணு" என்றான் பால்ராஜ்.

அந்த 'இன்னா'வைக் கேட்டு அவள் குலுங்கிச் சிரித்ததில் சம்பந்தம் முடிந்தது. மேனாம்பேட்டில் அவன் வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சீர்வரிசையில் பாத்திரத்தைவிடக் கிராஃப் தாள்தான் அதிகம்.

அவளுடைய ஆராய்ச்சி இரண்டே இரண்டு புள்ளிகளைப் பற்றியது. துலாம் ராசி இருக்கும் திசையில், பெரிய தொலைநோக்கிக்கு மட்டும் அகப்படுகிற, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு ஒளிப்புள்ளிகள். குவாசர் என்று பெயர். நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் கொழுந்துவிட்டு எரியும் விண்மீன் கூட்டத்தின் நடுப்பகுதி. பார்த்தவர்கள் எல்லோரும் இவை இரண்டு தனித்தனிக் குவாசர்கள் என்றார்கள். அருள்செல்வி மட்டும், இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஒண்ணுன்னா ரெண்டா ஏன் தெரியுது?" என்று கல்யாணமான புதிதில் பால்ராஜ் கேட்டான்.

"திருநின்றவூர் ஏரியை நினைச்சுக்கோங்க. அக்கரையில ஒரு கல்யாண வீடு. அங்கேயிருந்து சேதி சொல்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல கிளம்புறாங்க. ஒருத்தர் இந்தக் கரை வழியா, இன்னொருத்தர் அந்தக் கரை வழியா. இக்கரையில நிக்கிற நமக்கு ரெண்டு பக்கமிருந்தும் ஆள் வராங்க. ஆனா கல்யாண வீடு ஒண்ணுதானே?"

"வானத்துல ஏரி எங்க கீது?"

"நடுவுல நம்ம கண்ணுல படாம ஒரு விண்மீன் கூட்டம் நிக்குது. அதோட எடை வெளிச்சத்தை வளைச்சு ரெண்டு பக்கமா அனுப்புது."

பால்ராஜ் விரலால் தரையில் ஏரியைச் சுற்றி இரண்டு கரையும் இழுத்துப் பார்த்தான். "ஒரு கரை நீளமா இருந்தா?"

அருள்செல்வி கையிலிருந்த தோசைக்கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "அந்தச் சேதி லேட்டா வரும். அதுதாங்க என் ஆராய்ச்சியே."

குவாசரின் வெளிச்சம் ஒரே சீராக இருக்காது. சில வாரம் கூடும், சில வாரம் குறையும். இரண்டும் ஒன்றே என்றால், முதல் புள்ளி இன்றைக்கு ஆடிய ஆட்டத்தை இரண்டாவது புள்ளி சில மாதம் கழித்து அச்சுப் பிசகாமல் ஆடியாக வேண்டும். ஆடினால் அவள் ஜெயித்தாள். ஆடாவிட்டால் அவை இரண்டும் யாரோ எவரோ. முந்துகிற புள்ளிக்கு மூத்தது, பிந்துகிற புள்ளிக்கு இளையது என்று பால்ராஜ் பெயர் வைத்தான். அவளும் வீட்டில் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

மலைமேல் உள்ள வானாய்வகத்தில் பிப்ரவரி முதல் மே வரைதான் அந்த இரண்டையும் படம் பிடிக்க முடியும். அதற்குப் பிறகு மழை மேகம், அதற்கும் பிறகு சூரியன் குறுக்கே வந்துவிடும். மூன்று வருடம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அளந்து, தேதிவாரியாகப் பட்டியல் போட்டிருந்தாள். எண்பத்தொன்பதாம் வருட மழைக்காலத்தில் மட்டும், வெளிநாட்டு வானாய்வகத்திலிருந்த தோழி ஒருத்தி இளையதை மூன்று தடவை அளந்து கடிதத்தில் அனுப்பியிருந்தாள். மூன்று அளவுமே சுமாரானவைதான்.

தொண்ணூறாம் வருடம் ஆகஸ்ட் மாதம் வந்தது. அருள்செல்வியின் உதவித்தொகை அடுத்த மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் பொருத்தம் கண்டுபிடிக்காவிட்டால் ஐந்து வருட உழைப்புக்கு முடிவுரை கிடையாது; பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை காத்திருந்தது. அவளுடைய பேராசிரியர் மனோகரன் வியாழக்கிழமை கருத்தரங்கில் பேசச் சொல்லியிருந்தார். "மூத்தது, இளையது ரெண்டோட கிராஃப் ஷீட்டையும் நீங்க சுத்தமா படியெடுத்துக் கொடுங்களேன்" என்று அவள் கேட்டபோது பால்ராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியின் ஆராய்ச்சியில் தன் கையும் படப்போகிறதே!

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, உட்கார்ந்தான். கிராஃப் தாளில், இந்தத் தேதிக்கு இவ்வளவு வெளிச்சம் என்று அவள் வைத்திருந்த பென்சில் புள்ளிகளின்மேல் டிரேசிங் பேப்பரை விரித்தான். தொழிற்சாலை வழக்கப்படி, புள்ளி என்பது கோடு போவதற்கான அடையாளம் மட்டும். மையில் அது வராது. ஆகவே புள்ளிகளை விட்டுவிட்டு, அவற்றின் வழியாக வழுவழுவென்று ஒரு வளைகோடு இழுத்தான். மூத்ததுக்கு ஒரு தாள், இளையதுக்கு ஒரு தாள். இளையதின் தாளில் எண்பத்தொன்பது மழைக்காலத்து இடைவெளி, தோழியின் மூன்று புள்ளிகளைத் தவிர, வெள்ளையாகக் கிடந்தது. கை பொறுக்கவில்லை. அந்த மூன்று புள்ளிகள் வழியாக அழகாக ஒரு மேடு ஏற்றி, இறக்கி, கோட்டை அறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். கீழ் ஓரத்தில் தொழிற்சாலைப் படங்களில் இருப்பதுபோல மூன்று சின்னக் கட்டங்கள் போட்டான். வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர். நடுக்கட்டத்தில் கையெழுத்திட்டான்.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்வந்ததும், அருள்செல்வி கசங்கிய பட்டுப்புடவையோடு இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நகர்த்திப் பார்த்தாள். ஒரு மாதம் தள்ளினாள், இரண்டு மாதம் தள்ளினாள். ஐந்தாவது மாதத்தில் வீடே அதிரும்படி கத்தினாள்.

"என்னங்க! இங்க வாங்க! பொருந்துது!"

உண்மையாகவே பொருந்தியது. மூத்தது எண்பத்தொன்பது பிப்ரவரியில் ஏறி மே மாதம் இறங்கிய மேடு, இளையதின் மழைக்கால மேட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள். பால்ராஜுக்கும் கண் கலங்கிவிட்டது.

"இதைப் பாருங்க. உச்சி தாண்டினதும் ஒரு சின்னப் பள்ளம். மூத்ததுலயும் இருக்கு, இளையதுலயும் அதே இடத்துல இருக்கு. இவ்வளவு நுணுக்கமா ரெண்டு வேற வேற குவாசருக்குப் பொருந்துமா? ஒண்ணுதாங்க ரெண்டும்! ஒண்ணுதான்!" மூன்றாவது கட்டத்தில், நின்றபடியே, தன் கையெழுத்தைப் போட்டாள்.

பள்ளம் என்ற சொல் விழுந்ததுமே பால்ராஜின் கண் கருவிப் பெட்டிக்குப் போனது. அவள் அடுப்படிக்குப் போனதும் அதைத் திறந்து, வளைகோடு இழுக்கும் செல்லுலாய்டு தகட்டை எடுத்தான். பிரெஞ்சு கர்வ் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது. கூட வேலை பார்க்கும் கஜபதி ஒருமுறை கீழே போட்டதில் அதன் விளிம்பு கடுகளவு பெயர்ந்திருந்தது. தொழிற்சாலையில் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுத்தான் கோடு இழுப்பான். சனிக்கிழமைச் சோர்விலும் சந்தோஷத்திலும் மறந்துபோயிருக்கிறான். விரலால் தடவினான். பள்ளம் அங்கே இருந்தது. இரண்டு மேட்டையும் ஒரே வளைவை வைத்து இழுத்தது அவன்தான். பொருந்தாமல் எப்படி இருக்கும்?

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடுப்படியிலிருந்து அவள் பாடுகிற சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் அவள் சமைக்கும்போது பாடி அவன் கேட்டதில்லை. தகட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். திங்கட்கிழமை அவள் பேராசிரியரிடமும் சொல்லிவிட்டாள்.

அன்று மதியம் தொழிற்சாலையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பால்ராஜ் கஜபதியிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"இதுக்கா மச்சான் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறே?" என்றான் கஜபதி. "அந்தக் குவாசரு இன்னா, கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லப் போவுதா? உடு. அண்ணி சந்தோசமா கீது இல்ல?"

"எனக்குத் தெரியுமேடா."

கஜபதி ஊறுகாயை நக்கிக்கொண்டே யோசித்தான். தகட்டைக் கீழே போட்ட குற்றவுணர்ச்சி அவனுக்கும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். "ஒண்ணு சொல்றேன் கேளு. நாளைக்கு எவனாவது கண்டுபுடிச்சு சொன்னான்னு வையி, அண்ணி அவனையும் உட்டுடும், அந்த ஆராய்ச்சியையும் உட்டுடும். உன்னைத்தான் பார்க்கும். அப்பால நீ இன்னா கோடு இழுத்தாலும் நம்பாது."

செவ்வாய்க்கிழமை மாலை, பேச்சுக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தவளின் முன்னால் பால்ராஜ் அந்தத் தகட்டை வைத்தான்.

"இதைத் தடவிப் பாரு செல்வி."

தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. சுவரில் மாட்டியிருந்த தாளை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"அந்தப் பள்ளம்..."

"என்னோடது. வானத்தோடது இல்ல."

"மேடு?"

"அதுவும்தான். மூத்ததுக்கு வச்ச அதே வளைவை இளையதுக்கும் வச்சுட்டேன். காலியா கிடந்ததைக் கை பொறுக்கல."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "எப்ப தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை. நீ பள்ளம்னு சொன்னப்பவே."

திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பால்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். மேடு போனது அவளுக்கு வலித்ததைவிட அந்த இரண்டு நாள்தான் அதிகம் வலித்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு மிக நீளமான சாயங்காலம் அதுதான்.

காலையில் அவள் காபியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உங்க சேதி நீளமான கரை வழியா வந்திருக்கு" என்றாள். "பரவாயில்ல. வந்து சேர்ந்துச்சே." பிறகு, "தப்பு எனக்கும்தான். கட்டத்துல கையெழுத்து மட்டும் போட்டேன், ஒரு புள்ளியைக்கூடப் பட்டியலோட ஒத்துப் பார்க்கல. உங்க கைன்னு நம்பி இருந்துட்டேன். இன்னைக்கு லீவு போடுங்க."

புதன்கிழமை முழுக்க இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அவள் எண்ணை வாசிக்க வாசிக்க, அவன் புதுத் தாள்களில் வெறும் புள்ளியாக வைத்தான். ஜன்னலில் வைத்து நகர்த்தினால், ஐந்து மாதத்தில் பொருத்தம் ஒன்றுமில்லை. அந்த மூன்று புள்ளிகளும் மேடு, பள்ளம், சமதரை எது வேண்டுமானாலும் சொல்லும் ரகம். ஆறு, எட்டு, பத்து என்று தள்ளிக்கொண்டே போனாள். பதினான்காவது மாதத்தில் அவள் கை நின்றது. மூத்தது எண்பத்தொன்பது பிப்ரவரியில் ஏறத் தொடங்கியதுபோலவே, இளையதின் கடைசி ஐந்து புள்ளிகள், இந்த வருடம் ஏப்ரல் மே மாதத்தில் வைத்தவை, மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். ஐந்தே புள்ளி.

"இது போதுமா?" என்றான் பால்ராஜ்.

"போதாது. ஆனா இங்க பாருங்க." மூத்ததின் தாளில் இந்த வருடப் பிப்ரவரியைக் காட்டினாள். அங்கே வெளிச்சம் மூன்று வாரம் தொபுக்கென்று விழுந்து மறுபடி எழுந்திருந்தது. "பதினாலு மாசம் சரின்னா, அடுத்த ஏப்ரல்ல இளையது இதே மாதிரி விழணும்."

உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

கருத்தரங்குக்கு அவள் போய், பொருத்தம் கிடைத்ததாகச் சொன்னது தவறு, படத்தைச் சரிபார்க்காதது தன் பிழை என்று சொன்னாள். சிலர் சிரித்தார்கள். அடுத்த ஏப்ரலில் இளையது விழும் என்று சொன்னபோது இன்னும் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் மனோகரன் சிரிக்கவில்லை. ஏப்ரலில் மலைத் தொலைநோக்கியில் தன் பெயருக்கு ஒதுக்கியிருந்த ஆறு இரவுகளை அவளுக்கு எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்று ஏப்ரலில் அவள் மலைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூட வேலைக்கான உத்தரவு வீட்டு அலமாரியில் இருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். அந்த வருடம் அம்பத்தூர்ப் பக்கம் கிணறெல்லாம் வறண்டு, குடங்கள் வரிசையில் நின்றன. அவள் போன மறுநாளே வானம் மூடிக்கொண்டது. கோடை மழை! மேனாம்பேடே தெருவில் வந்து நின்று கை தட்டியது. பால்ராஜ் ஒருவன்தான் மேகத்தை முறைத்துக்கொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், இந்த மழையைத் தொடர்ந்து தாரும் ஆண்டவரே என்று மன்றாட, சபை முழுவதும் ஆமென் என்றது. பால்ராஜ் முழங்காலில் இருந்தபடி, அவளுடைய ஆறு இரவும் முடிந்துவிடுகிற வியாழக்கிழமையிலிருந்து தாரும் என்று தனியாக ஒரு மனு போட்டான். சுற்றிலும் காலிக்குடத்தோடு வந்த சனங்களுக்கு நடுவில் அப்படி ஜெபித்ததற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

மலையிலும் நான்கு இரவுகள் மேகத்தில் போயின.

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வரைபடப் பிரிவின் ஃபோனை எடுத்த கஜபதி, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கூவினான்: "மாமே! அண்ணி மலையிலேர்ந்து பேசுது! இளையது உயுந்துடுச்சாம்! யாருபா இளையது? எங்க உயுந்துச்சு? அடி கிடி பட்டுச்சா?"

பால்ராஜ் மை பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். விரித்திருந்த படத்தில் மை கொட்டியது; அந்தப் பிரிவில் அவன் கெடுத்த முதல் தாள் அதுதான்.

"என்னங்க" என்றது தூரத்துக் குரல். கரகரப்புக்கு நடுவே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நேத்து ராத்திரி மேகம் விலகிடுச்சு. பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரம் சொல்லுவேன்ல, மூணு வருஷமா இளையது அதைவிடப் பிரகாசமாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில படம் பிடிச்ச கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தா அதைவிட மங்கல். அளந்துட்டேன், மூணு தடவை அளந்துட்டேன். மூத்தது விழுந்த அதே அளவு."

பால்ராஜ் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். வரைபடப் பிரிவே வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது.

"கேக்குதா?"

"கேக்குது செல்வி" என்றான். "சாப்ட்டியா?" அதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மிச்சமிருந்த இரவிலும், பிறகு பேராசிரியர் வாங்கிக் கொடுத்த சில இரவுகளிலும், இளையது விழுந்த பள்ளத்திலிருந்து மூத்ததைப் போலவே எழுந்து வந்தது. மே மாதக் கடைசியில், ஆய்வேட்டில் ஒட்ட வேண்டிய படத்துக்காக இருவரும் மறுபடி மேசையில் உட்கார்ந்தார்கள். அவள் வாசித்தாள், அவன் புள்ளி வைத்தான். எல்லாம் முடிந்ததும், வருடத்துக்கு வருடம் நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த இடங்களை அவன் ஏக்கத்தோடு பார்த்தான்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது செல்வி."

"தெரியும்" என்று அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "அங்க நாம பார்க்கல. பார்க்காததைப் பார்க்கலன்னு வச்சுட்டுப் போவோம்."

மை காயும்வரை விடவில்லை. பிறகு அவன் நடுக்கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். அவள் பேனாவை வாங்கி உடனே போட்டுவிடவில்லை. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை ஒத்துப் பார்த்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பால்ராஜ் பரீட்சை எழுதிய பையனைப்போல எதிரில் உட்கார்ந்திருந்தான். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அதற்குப் பிறகுதான், சரிபார்த்தவர் என்ற மூன்றாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.